கரிசல் வரை வராத ஆய்வு

மணியாச்சி பக்கம் சித்திரை வெயில் எப்படி அடிக்கும் என்று அந்த வழியாக ரயிலில் போனவர்களுக்குக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். உடைமரத்தை விட்டால் வேறு நிழல் இல்லை. அந்த வெயிலில் கொஞ்ச தூரம் நடந்ததும் ஒருவருக்குக் கண் மங்குகிறது, கால் துவள்கிறது. வீட்டுக்குள் வந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அரை மணி நேரம் படுத்திருந்தால் பார்வை திரும்பிவிடுகிறது. வெயில் மயக்கம் என்பார்கள். ரத்தம் கம்மி என்று சத்து மாத்திரை வாங்கித் தருவார்கள். அவர் தண்டுவட மரப்பு நோய் உள்ளவராக இருந்தால் அது வெறும் வெயில் மயக்கம் அல்ல. 1890-ல் வில்ஹெல்ம் ஊத்தோஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் குறித்துவைத்த அறிகுறி அது. இன்றும் அவர் பெயரால்தான் மருத்துவர்கள் அதைச் சொல்கிறார்கள்.

‘மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ்’ என்றும், சுருக்கமாக எம்.எஸ். என்றும் அழைக்கப்படும் இந்த நோயில், நோய்க்கிருமியைத் தாக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் சொந்த நரம்பையே தாக்குகிறது. நரம்பைப் போர்த்தியிருக்கும் மயலின் என்ற கொழுப்புறை மூளையிலும் தண்டுவடத்திலும் கண் நரம்பிலும் அங்கங்கே உரிந்து தழும்பாகிறது. உறை போன இடத்தில் நரம்பின் மின்சாரம் தட்டுத்தடுமாறிப் போகும். உடற்சூடு அரை டிகிரி ஏறினாலே அங்கே நின்றுவிடும். 1868-ல் பாரிஸில் நரம்பியல் மருத்துவர் ஷார்கோ இதைத் தனி நோயாக அடையாளம் காட்டினார். 2020-ல் வெளியான சர்வதேசக் கணக்கின்படி உலகில் 28 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில் வருகிறது. ஆண்களைப் போல இரண்டு மடங்குப் பெண்களுக்கு வருகிறது.

இந்த நோயின் போக்கை மாற்றும் முதல் மருந்தான இன்டர்ஃபெரான் பீட்டா 1993-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்குப் பிறகு இருபது மருந்துகளாவது வந்திருக்கும். பெரும்பாலானவை வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், குளிர்நாட்டு வெள்ளையர்களிடம் சோதித்து எடுக்கப்பட்டவை. நாற்பது டிகிரி வெயிலில் பருத்தி எடுக்கும் பெண்ணுக்கோ, தீப்பெட்டி ஆபீஸில் நாள் முழுக்க உட்கார்ந்து கட்டு ஒட்டுகிறவருக்கோ அந்த மருந்து எப்படி வேலை செய்யும், அவருக்கு ஏற்கெனவே உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியை அது எழுப்பிவிடுமா என்றெல்லாம் அந்த ஆய்வுகள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை. நாம்தான் கேட்டிருக்க வேண்டும்.

எம்.எஸ். நோயாளிகள் மருத்துவ ஆய்வுகளில் பங்கேற்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிவிடுவது எளிது. என் வாதம் அதைவிடக் குறுகியது. பங்கேற்கச் சொல்லும் முன், பங்கேற்கத் தகுந்த ஆய்வு ஒன்றை நம் பொதுப்பணத்தில், நம் ஊர் அரசு மருத்துவமனையில் நடத்த வேண்டும்.

நம் பக்கத்தில் எத்தனை பேர்?

‘இதெல்லாம் வெள்ளைக்காரன் நோய்’ என்ற எண்ணம் மருத்துவர்களிடமே வெகுகாலம் இருந்தது. நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக நோய் கூடுகிறது என்பது உண்மைதான். ஆனால் இந்தியாவில் இல்லவே இல்லை என்பது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வருவதற்கு முந்தைய காலத்து நம்பிக்கை. மும்பை பார்சிகளிடம் இது கணிசமாக இருப்பதை 1980-களிலேயே ஆய்வாளர்கள் காட்டினார்கள். தென்னிந்தியாவில் உருப்படியான எண்ணிக்கை மங்களூரிலிருந்து கிடைத்தது. மருத்துவர் லேகா பண்டிட் குழுவினர் 2014-ல் வெளியிட்ட ஆய்வின்படி அந்த நகரில் லட்சத்துக்கு 8.35 பேருக்கு எம்.எஸ். இருக்கிறது.

மங்களூர் விகிதத்தை அப்படியே இங்கே பொருத்துவது துல்லியமாகாது. ஆனாலும் ஒரு மனக்கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தூத்துக்குடி மாவட்டத்தில் 17.5 லட்சம் பேர். அந்த விகிதப்படி சுமார் 146 நோயாளிகள். பிரிக்கப்படாத திருநெல்வேலி, விருதுநகர், கன்னியாகுமரி ஆகியவற்றையும் சேர்த்தால் மக்கள்தொகை 86 லட்சத்தைத் தாண்டும். நோயாளிகள் ஏறத்தாழ 720 பேர். இவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் நோயின் பெயர் தெரியும்? கை மரத்துப்போவதை நரம்புத் தளர்ச்சி என்றும், நடை தள்ளாடுவதைத் தண்டுவடத் தேய்மானம் என்றும் எண்ணி நாட்டு வைத்தியர், எலும்பு டாக்டர், கோயில் என்று சுற்றுகிறவர்கள் எத்தனை பேர்?

நோயின் பெயர் தெரிந்தவர்களுக்கு ஒரு சிறு பிடிமானம் உண்டு. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகை இயலாமைகளில் எம்.எஸ். இருக்கிறது. தமிழ்நாடு அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைப் பட்டியலிலும் தண்டுவட மரப்பு நோய் இருக்கிறது. உதவித்தொகை நல்ல விஷயம். ஆனால் அது நடக்க முடியாமல் போனவருக்குக் கிடைப்பது. நடக்க முடியாமல் போவதைத் தடுக்கும் மருந்து வேறு கணக்கு.

பாத்தியும் சீட்டும்

எம்.எஸ். பெரும்பாலோருக்கு வந்து வந்து போகும் நோயாகத் தொடங்குகிறது. ஒரு நாள் கண் தெரியாமல் போகும்; ஆறு வாரத்தில் தானாகவே தெரியும். கால் விழும், பிறகு எழும். அடுத்த தாக்குதல் ஆறு மாதத்திலும் வரலாம், ஆறு வருடம் கழித்தும் வரலாம். போலி வைத்தியத்துக்கு இதைவிட வசதியான நோய் கிடையாது. இறங்குமுகத்தில் இருக்கும்போது யார் எதைக் கொடுத்தாலும் பலித்துவிடும். கொடுத்தவரும் ஏமாற்ற நினைத்திருக்க வேண்டியதில்லை; அவரும் நம்பியே கொடுத்திருப்பார்.

படித்தவர்களும் இதில் ஏமாந்தார்கள். 2009-ல் இத்தாலிய ரத்தநாள அறுவை நிபுணர் பாவ்லோ சம்போனி, கழுத்துச் சிரைகளில் ரத்தம் தேங்குவதுதான் எம்.எஸ்.ஸுக்குக் காரணம் என்றார். பலூன் வைத்து விரித்தால் சரியாகும் என்றார். கனடா நோயாளிகள் சொந்த நாட்டில் மறுக்கப்பட்டதும் போலந்துக்கும் மெக்ஸிகோவுக்கும் இந்தியாவுக்கும் விமானம் ஏறினார்கள். ‘விடுவிப்புச் சிகிச்சை’ என்று பெயரிட்டு இங்குள்ள தனியார் மருத்துவமனைகள் டாலரில் விற்றன. முறையான ஒப்பீட்டு ஆய்வுகள் வந்தபோது பலன் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. 2017-ல் சம்போனியே முன்னின்று நடத்திய ஆய்வும் அதையே சொன்னது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் எத்தனை குடும்பங்களின் சேமிப்பு கரைந்திருக்கும்!

ஒப்பீட்டு ஆய்வு என்றால் என்ன என்பதைக் கோவில்பட்டிக்காரர்களுக்கு விளக்குவது கடினமல்ல என்று எனக்குத் தோன்றும். நூறாண்டைக் கடந்த வேளாண் ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. மானாவாரிப் பருத்தியிலும் சோளத்திலும் அது வெளியிட்ட ரகங்களைப் போட்டுப் பார்த்தவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். புது ரகத்தை மேட்டுப் பாத்தியிலும் பழைய ரகத்தைப் பள்ளப் பாத்தியிலும் போட்டுவிட்டுப் புது ரகம் தோற்றது என்று யாரும் சொல்ல முடியாது. எந்தப் பாத்தியில் எது என்பதை ஆய்வாளரின் விருப்பத்துக்கு விடாமல் சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும். 1920-களில் இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ரொனால்ட் ஃபிஷர் இதைக் கணிதமாக்கினார். வயலில் பிறந்த அந்த முறையை ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்துப் பார்த்த 1948-ம் ஆண்டு ஆய்வு அதன் புகழ்பெற்ற தொடக்கம். இன்று எம்.எஸ். மருந்து ஆய்வில் உங்களுக்கு எந்த மருந்து என்பதைக் கணினி குலுக்கல் முறையில் முடிவு செய்வதன் பூர்வீகம் விவசாய நிலம்தான்.

அந்தக் குலுக்கல் முறை சென்னைக்கு வர வெகுநாள் ஆகவில்லை. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவினருக்கு சானடோரியத்தில் படுக்கை, நல்ல சாப்பாடு, ஓய்வு. மறு பிரிவினர் நெரிசலான வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டார்கள். அதே மாத்திரைதான். ஓராண்டு முடிவில் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்திருந்தார்கள். வீட்டிலிருந்த மற்றவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் முடிவு வெளியானதும் உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்படத் தொடங்கின. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. எந்த மருந்துக் கம்பெனிக்கும் அந்தக் கேள்வியில் லாபம் இல்லை. நமக்கு இருந்தது.

இன்னும் பக்கத்தில் வரலாம். கதிர் அறுக்கும்போது, சோளத்தட்டை ஒடிக்கும்போது கண்ணில் தோகை கீறிப் பூஞ்சைப் புண் வருவது நம் விவசாயிகளுக்குப் பழகிய துன்பம். பழைய நாட்டாமைசின் சொட்டு மருந்து நல்லதா, புதிதாக வந்த விலை கூடிய வொரிகொனசோல் நல்லதா என்று மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் அதன் கிளைகளும் 323 நோயாளிகளிடம் குலுக்கல் முறையில் சோதித்தன. 2013-ல் முடிவு வந்தது: பழைய மருந்தே மேல். உலகெங்கும் கண் மருத்துவர்கள் இன்று அதைப் பின்பற்றுகிறார்கள். அந்த 323 பேரில் மாட்டுக்குத் தட்டை வெட்டப் போனவர்களும் களையெடுக்கப் போனவர்களும் இருந்திருப்பார்கள். தாங்கள் ஒரு சர்வதேசச் சிகிச்சை முறையை நிர்ணயித்தோம் என்று அவர்களுக்கு யாராவது போய்ச் சொன்னார்களா, தெரியவில்லை.

கையெழுத்துக்கு முன்னால்

ஆய்வு என்றதும் நம் ஊரில் முதலில் வரும் கேள்வி, ‘எங்களை எலியாக்கப் போறீங்களா?’ என்பது. அந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2009-ல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மாணவியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டுப் பார்த்தார்கள். பலர் பழங்குடிப் பிள்ளைகள். விடுதியில் தங்கிப் படித்தவர்கள். பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2010-ல் அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தக் கண்டனமும், அதே காலத்தில் உச்ச நீதிமன்றத்தில் தொடரப்பட்ட பொதுநல வழக்கும் சேர்ந்து சட்டத்தை மாற்ற வைத்தன. இன்று நடைமுறையில் இருப்பது 2019-ம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள்.

அந்த விதிகள் தாளில் நன்றாகவே இருக்கின்றன. நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர்; அவர்களில் பாதிப்பேர் அந்த மருத்துவமனையைச் சாராதவர்கள்; ஒரு சட்டம் தெரிந்தவர், மருத்துவம் சாராத ஒரு சாமானியர், ஒரு பெண் கட்டாயம். கடுமையான பாதகம் எது நடந்தாலும் ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை, நிரந்தர ஊனமோ மரணமோ நேர்ந்தால் சூத்திரப்படி இழப்பீடு. எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால், ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் விளக்கம் முழுவதையும் உடனிருந்து கேட்டிருக்க வேண்டும். எந்தக் கட்டத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம். விலகியதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது. எல்லா ஆய்வும் முதல் ஆளைச் சேர்க்கும் முன் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். 2007-ல் தொடங்கி, 2009-லிருந்து கட்டாயமான இந்தப் பதிவேட்டை யாரும் செல்போனிலேயே பார்க்கலாம். ஆங்கிலத்தில்தான் இருக்கிறது என்பதால் கல்லூரிக்குப் போகும் பிள்ளை யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலான ஒரு சோதனை உண்டு. பணம் கேட்டால் அது ஆய்வு அல்ல. ‘ஸ்டெம் செல் போடுறோம், புது ட்ரயல், மூணு லட்சம் கட்டுங்க’ என்பவர் கடை நடத்துகிறார். ரத்த நோய்கள் போன்ற சில அங்கீகரிக்கப்பட்ட தேவைகளைத் தவிர மற்ற எதற்கும் ஸ்டெம் செல்லை ஆய்வுக்கு வெளியே பயன்படுத்தக் கூடாது என்று 2017-ம் ஆண்டு தேசிய வழிகாட்டுதலே சொல்கிறது. ஆய்வாக நடந்தால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது.

விதிகள் எட்டாத இடம் வேறு. இந்த நோய் வருவது கல்யாண வயதில். ஓட்டப்பிடாரத்திலோ எட்டயபுரத்திலோ இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்திக்கு நோய் உறுதியானால், வீட்டில் முதலில் எடுக்கும் முடிவு அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது. கல்யாணமான பெண்ணாக இருந்தால் அம்மா வீட்டுக்கும் மாமியார் வீட்டுக்கும் நடுவே ரகசியம். எம்.எஸ். மருந்து ஆய்வில் சேரும் பெண் பெரும்பாலும் ஆய்வுக் காலம் முழுக்கக் கருத்தரிக்காமல் இருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் என்பது சாதாரணம். ‘விசேஷம் ஒண்ணும் இல்லையா?’ என்று தெருவே கேட்கும் ஊரில் இரண்டு ஆண்டு என்பது எவ்வளவு நீளம் என்று ஆய்வுத் திட்டத்தை எழுதுகிறவருக்குத் தெரியுமா? சட்டப்படி சம்மதம் அவளுடையது மட்டுமே. நடைமுறையில் படிவம் வீட்டுக்குப் போகும். மாமனார் படிப்பார், மச்சான் படிப்பார், யாரோ தெரிந்த கம்பவுண்டர் படிப்பார். கடைசியில் அவளிடம் ‘வேண்டாம்’ என்ற பதில் வந்து சேரும். அல்லது ‘பெரிய டாக்டர் சொல்லிட்டாரு, போட்டுரு’ என்று வரும். இரண்டுமே அவளுடைய பதில் இல்லை. அவளிடம் தனியாக, அவசரமில்லாமல், தமிழில், ஒரு முறைக்கு மேல் பேச ஆய்வுக் குழுவில் ஒரு பெண் பணியாளர் வேண்டும். இருபது பக்கப் படிவத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது அதற்கு ஈடாகாது.

ஆபத்தே இல்லை என்று சொல்லிச் சேர்ப்பதும் மோசடிதான். நட்டாலிசுமாப் என்ற மருந்து 2004 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூன்று மாதத்தில் விற்பனை நிறுத்தப்பட்டது. ஆய்வில் பங்கேற்றவர்களுக்கே மூளையைத் தின்னும் அரிய வைரஸ் தொற்று வந்திருந்தது. கடுமையான கண்காணிப்புத் திட்டத்தோடு 2006-ல் மருந்து திரும்பி வந்தது. டாக்லிசுமாப் திரும்பி வரவில்லை. 2018-ல் உலகச் சந்தையிலிருந்தே விலக்கப்பட்டது. இவற்றைச் சொல்லித்தான் கையெழுத்துக் கேட்க வேண்டும். சொன்ன பிறகும் சிலர் சேருவார்கள். அவர்கள் தெரிந்தே சேருகிறவர்கள். மருத்துவம் கடன்பட்டிருப்பது அவர்களுக்குத்தான்.

கதவு எங்கே அடைபடுகிறது?

சேர விரும்புகிறவருக்கும் கதவு எளிதில் திறப்பதில்லை. 1983-ல் ஜான் குர்ட்ஸ்கி வகுத்த 0 முதல் 10 வரையிலான இயலாமை அளவுகோல்தான் எல்லா எம்.எஸ். ஆய்வுகளுக்கும் அடிப்படை. நூறு மீட்டர் நடக்க ஊன்றுகோல் தேவைப்பட்டால் 6. வந்து போகும் வகை நோய்க்கான ஆய்வுகள் பல 5.5-க்கு மேல் உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை. நோயின் பெயர் தெரியாமலே பத்து வருடம் சுற்றிவிட்டுக் கம்போடு வந்து நிற்கிறவர் அந்த வாசலில் கழிக்கப்பட்டுவிடுவார்.

இன்னொரு சிக்கல், எம்.எஸ். போலவே தோன்றி எம்.எஸ். அல்லாத நோய். நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா என்ற அந்த நோயை ரத்தத்தில் அக்வாபோரின்-4 எதிர்ப்புப்பொருள் இருப்பதை வைத்து அடையாளம் காணலாம் என்பது 2004, 2005 ஆண்டுகளில்தான் தெரிந்தது. மேற்கு நாடுகளில் இது மிக அரிது. மங்களூரில் லட்சத்துக்கு 2.6 பேர், எம்.எஸ்.ஸோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில். இன்டர்ஃபெரான் உள்ளிட்ட சில எம்.எஸ். மருந்துகள் இந்த நோயைக் கூட்டிவிடும். அந்த ரத்தப் பரிசோதனை செய்யாமல் எம்.எஸ். ஆய்விலோ சிகிச்சையிலோ யாரையும் சேர்ப்பது விபரீதம். இந்தியாவின் பல மூலைகளிலிருந்தும் ரத்த மாதிரிகள் இதற்காக மங்களூருக்குப் போகின்றன. மதுரையிலோ திருநெல்வேலியிலோ ஓர் அரசு ஆய்வகம் இதைச் செய்ய முடியாதா?

பிறகு தூரம். மணியாச்சி சந்திப்பில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்னை. போக ஓர் இரவு, வர ஓர் இரவு, நடுவில் ஒரு நாள் வரிசை, துணைக்கு ஒருவர். மூன்று நாள் கூலி, இரண்டு பேருக்கு. சிறுநீரை அடக்க முடியாமை இந்த நோயின் வழக்கமான அறிகுறி; அதோடு முன்பதிவில்லாப் பெட்டியில் போவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். மாதம் ஒரு முறை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று இரண்டு ஆண்டுகள் வரச் சொல்லும் ஆய்வில் இவர்கள் பாதியில் நின்றுபோவார்கள். ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று பதிவாகும். மதுரை தோப்பூரில் 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டிய எய்ம்ஸ் உரிய காலத்தில் எழுந்திருந்தால் தூரம் பாதியாவது குறைந்திருக்கும். அந்தக் கதையை இங்கே இழுத்தால் கட்டுரை திசைமாறும்.

திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மணியாச்சியிலிருந்து முப்பது கிலோமீட்டர் அளவில்தான். போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம்.

கம்பெனி கேட்காத கேள்வி

அங்கே எதை ஆராய்வது? இதற்கு விடை ஒரு மருந்தின் கதையில் இருக்கிறது. ரிட்டுக்ஸிமாப் புற்றுநோய்க்காக வந்த ஊசி. எம்.எஸ்.ஸிலும் நன்றாக வேலை செய்கிறது என்று 2008-ல் 104 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. காப்புரிமை முடியும் காலம் நெருங்கிய அந்த மருந்துக்கு எம்.எஸ். அனுமதி கேட்டு நிறுவனம் போகவில்லை. அதே வழியில் செயல்படும் ஓக்ரெலிசுமாப் என்ற புது மருந்தைத் தயாரித்து 2017-ல் அனுமதி வாங்கியது. விலை பல மடங்கு. இதற்கிடையே ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் 2007-லேயே ரிட்டுக்ஸிமாபின் உள்நாட்டு வடிவத்தைக் கொண்டுவந்துவிட்டது. இன்று இந்திய நரம்பியல் மருத்துவர்கள் பலர் எம்.எஸ்.ஸுக்கு அதைத்தான் எழுதுகிறார்கள்.

ஸ்வீடனும் இதே வழியில் போனது. ஆனால் எழுதுவதோடு நிற்கவில்லை. 17 மருத்துவமனைகளில் 200 பேரை அரசுப் பணத்தில் ஆய்வில் சேர்த்து, ரிட்டுக்ஸிமாபை மற்றொரு மருந்தோடு ஒப்பிட்டது. 2022-ல் வந்த முடிவு: இரண்டு ஆண்டில் மறுதாக்குதல் வந்தது ரிட்டுக்ஸிமாப் பெற்றவர்களில் 3 சதவீதம் பேருக்கு, மற்ற மருந்து பெற்றவர்களில் 16 சதவீதம் பேருக்கு. 2023-ல் உலக சுகாதார நிறுவனம் எம்.எஸ். மருந்துகளை முதன்முறையாக அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தபோது ரிட்டுக்ஸிமாபும் அதில் இருந்தது. காப்புரிமைக்காரர் கைவிட்ட மருந்தை ஒரு சிறிய நாடு சோதித்துக் காட்டியது. ஸ்வீடனின் மக்கள்தொகை நம் தென்கோடி நான்கு மாவட்டங்களைவிட வெகுவாகக் கூடுதல் இல்லை. நோயாளிகள் மட்டும் அங்கே மிக அதிகம்.

நமக்கு மீதமிருக்கும் கேள்விகள் அந்த ஆய்வு கேட்காதவை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை முழு அளவு ஊசி தேவையா, பாதி அளவு போதுமா, ஓராண்டு இடைவெளி விட்டால் என்ன ஆகும்? பாதி போதும் என்றால் பாதிச் செலவு. எதிர்ப்பாற்றல் அடங்குவதும் குறையும். உலகக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இருக்கும் நாட்டில், இந்த ஊசியை ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு போட்டவர்களுக்குத் தொற்றுகள் எப்படி வருகின்றன? வெயில் காலத்தில் இவர்கள் எத்தனை வேலைநாளை இழக்கிறார்கள், விடியற்காலை வேலைக்கு மாற்றினால் எவ்வளவு மீளும்? எந்தக் கம்பெனியும் தன் மருந்தைப் பாதியாகக் குறைக்க ஆய்வு நடத்தாது. அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

720 என்ற மதிப்பீட்டில் பாதிப்பேரைக் கண்டுபிடித்தாலே இதற்குப் போதும். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி, விருதுநகர் ஆகிய நான்கு மாவட்டங்களிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. வாரம் ஒரு நாள் எம்.எஸ். கிளினிக், ஓர் ஆய்வு ஒருங்கிணைப்பாளர், தமிழ் பேசும் பெண் பணியாளர் ஒருவர், துணைக்கு வருபவருக்கும் சேர்த்துப் பயணச் செலவும் கூலியும். இழந்த கூலியை ஈடுகட்டுவதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ம் ஆண்டு நெறிமுறை வழிகாட்டுதலே அனுமதிக்கிறது. நம் ஆய்வுகளின் செலவுக் கணக்கில்தான் அந்த வரி இடம்பெறுவதில்லை. டெல்லி எய்ம்ஸ் ஒருங்கிணைக்கும் தேசிய எம்.எஸ். பதிவேடு ஒன்றும் இருக்கிறது. பதிவேட்டில் சேருவதும் ஆய்வில் பங்கேற்பதுதான். புது மருந்தோ குலுக்கலோ கிடையாது, நோயின் போக்கு மட்டும் ஆண்டுதோறும் குறிக்கப்படும். ஊன்றுகோல் பிடித்தவர், வயதானவர், மருந்து வேண்டாம் என்று முடிவு செய்தவர் எல்லோருக்கும் அதில் இடமுண்டு. முதல் ஆண்டு இதை மட்டும் செய்தாலும் தவறில்லை.

இதற்கெல்லாம் முன்னால் சுகாதாரத் துறை ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆய்வில் பலன் தந்த மருந்தை, வேறு மாற்றுச் சிகிச்சை இல்லாத நோயாளிக்கு, ஆய்வு முடிந்த பிறகும் இலவசமாகத் தொடர 2019 விதிகள் வழி வைத்திருக்கின்றன. ஆனால் அதற்கு ஆய்வு மருத்துவர் பரிந்துரைக்க வேண்டும், நெறிமுறைக் குழு ஒப்ப வேண்டும். நோயாளியின் உரிமையாக அது எழுதப்படவில்லை. அரசே நடத்தும் ஆய்வில் இந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. இரண்டு ஆண்டு ஊசி போட்டுக்கொண்டு தீப்பெட்டி ஆபீஸுக்குத் திரும்பிப் போகும் பெண்ணுக்கு மூன்றாம் ஆண்டு ஊசி எங்கே, யார் செலவில் கிடைக்கும் என்பது ஒப்புதல் படிவத்தின் முதல் பக்கத்தில், துறைச் செயலாளரின் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். அவளுடைய கையெழுத்தை அதற்குக் கீழே கேட்கலாம்.